ரெட்ரோ சைக்கிளுக்குக் கையால் பின்னிய வீலா, கம்பெனி வீலா? சுங்கை சிப்புட்டிலிருந்து என் பதில்

வணக்கம் மக்களே. முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். மைக்கைப் பக்கத்தில் கொண்டு போகிறேன். டிங். அடுத்த கம்பி. டிங். இரண்டும் ஒரே ஸ்ருதி. இப்போது சக்கரத்தின் மறுபக்கம். டொங். சத்தம் தாழ்ந்திருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் தங்களுக்குள் சேர்ந்தே ஒலிக்கின்றன. தைப்பூசத்துக்கு முன்னால் உறுமி மேளக்காரர்கள் கயிற்றை இழுத்துக் கட்டித் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள் இல்லையா? அந்த வேலைதான் இதுவும்.

இது என் சைக்கிளின் புதுப் பின்சக்கரம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, ஒரு மத்தியானம் முழுக்கக் கையால் பின்னியது. நேற்று பசியாறப் போன இடத்தில் ஒரு தம்பி என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நானும் இந்த மாதிரி பழைய ஸ்டைல் ரோடு பைக் கட்டுகிறேன். வீல் ரெடிமேடாக வாங்கவா, பின்னச் சொல்லவா?" என்று கேட்டான். ஒட்டுக்கடையில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற பதில் இல்லை. அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

சைக்கிளைக் காட்டிவிடுகிறேன். ஸ்டீல் ஃப்ரேம், மெல்லிய குழாய், மூட்டுக்கு மூட்டு லக் என்ற உறை வைத்த வேலைப்பாடு, ரிம்மை (சக்கரத்தின் வெளிவளையத்தை) இரண்டு பக்கமும் பிடிக்கிற ரிம் பிரேக். பார்க்க எழுபதுகளின் வண்டி மாதிரி இருக்கும், ஆனால் ஃப்ரேம் புதிது. பின்னால் அச்சு உட்காரும் இடைவெளி 130 மில்லிமீட்டர். உங்களுடையது உண்மையிலேயே பழைய ஃப்ரேம் என்றால், வீலைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்த இடைவெளியை அளந்துவிடுங்கள். பின்னால் ஆறு, ஏழு பல்சக்கரம் இருந்த, அதாவது ஆறு, ஏழு ஸ்பீடு காலத்து ஃப்ரேம்களில் 126 இருக்கும், அதற்கும் முந்தியதில் 120 இருக்கும். ஸ்டீல் என்றால் தெரிந்தவர் கையில் கொடுத்து விரித்துக்கொள்ளலாம். அலுமினியத்தை ஒருபோதும் விரிக்காதீர்கள், விரிசல் விடும்.

சரி, கதைக்கு வருகிறேன். இந்தச் சைக்கிளுக்கு நான் முதலில் போட்டது கம்பெனி வீல்தான். பின்சக்கரத்தில் 24 கம்பி, எல்லாம் தட்டையான கம்பி. அதுவும் தலை வளையாமல் நேராக ஹப்புக்குள், சக்கரத்தின் நடுக் குடத்துக்குள், போகிற வகை. ஓட்டுவதற்கு அருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் லிந்தாங் சடக்கில் (ரோட்டில்), மழை விட்ட நேரம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உழுது வைத்த பள்ளம் ஒன்றில் தண்ணீர் நின்றதால் ஆழம் தெரியவில்லை. டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஒரே ஒரு கம்பி அறுந்தது. சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பிரேக் கட்டையில் உரசியது. பிரேக்கைத் திறந்துவிட்டேன். அப்போதும் ஃப்ரேமில் உரசியது. இரண்டு மைலுக்கு மேல் தள்ளிக்கொண்டே நடந்தேன். பிறகு தோட்டத்து லோரிக்கார அண்ணன் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார்.

நடந்தது எனக்குப் பெரிதில்லை. அதற்கு அப்புறம் நடந்ததுதான் வலித்தது. அந்தக் கம்பி நம் ஊரில் இல்லை. ஈப்போவிலும் இல்லை. ஒரே ஒரு கம்பிக்கு ஆர்டர் போட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். ஆறு வாரமும் சைக்கிள் ஐந்தடி நடைபாதையில் சுவரில் சாய்ந்து நின்றது.

கம்பெனி வீல் மட்டம் என்று சொல்ல வரவில்லை. கம்பி குறைந்தால் காற்றுத் தடை குறையும். ரிம்மை உயரமாகச் செய்தால் இன்னும் குறையும். மிஷினில் பின்னுவதால் நூறு வீலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். ஆயிரக்கணக்கில் செய்வதால் விலையும் இறங்கும். அதே தரத்துச் சாமான்களைத் தனித்தனியாக வாங்கிப் பின்னினால் அந்த விலைக்கு முடியாது. காம்பக்னோலோ கம்பெனியின் ரிம் பிரேக் ஸோண்டா வீலைப் பார்த்திருப்பீர்கள், பின்னால் மூன்று மூன்று கம்பியாகக் கூட்டி வைத்திருப்பார்கள், முன்னால் 16, பின்னால் 21. நல்ல மூளை வேலை அது. ரேஸ் ஓட்டுகிறவர்கள், நல்ல ஹைவேயில் வேகமாகப் போகிறவர்கள், பெரிய நகரத்துக் கடைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள், கம்பெனி வீல் வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை.

ஆனால் நம் ஓட்டம் எங்கே? தோட்டத்துச் சடக்கு, செம்மண், மழை, லோரி. அதனால்தான் சக்கரம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

கம்பி தூண் மாதிரி நின்று நம்மைத் தாங்குகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். இவ்வளவு மெல்லிய கம்பியை நட்டுவைத்து அழுத்தினால் உடனே வளைந்துவிடும். சக்கரத்தில் எல்லாக் கம்பியும் முன்கூட்டியே பலமாக இழுபட்டு இருக்கிறது. நல்ல பின்சக்கரத்தில், செயின் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றிலும் நூறு கிலோவுக்கு மேல் இழுவை இருக்கும். நாம் ஏறி உட்கார்ந்தால், தரையைத் தொடும் இடத்தில் ரிம் ஒரு துளி தட்டையாகும். அங்கே இருக்கும் மூன்று நான்கு கம்பிகளின் இழுவை குறையும். மற்ற கம்பிகளில் பெரிய மாற்றம் வராது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மறுபடி இறுகும். 28 மில்லிமீட்டர் டயரில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 470 சுற்று. நூறு கிலோமீட்டர் போனால் 47,000 தடவை.

இப்போது யோசியுங்கள். கம்பி ஏற்கெனவே லூசாக இருந்தால், கீழே வரும்போது அதன் இழுவை சுத்தமாகப் போய்விடும். அந்த நேரத்தில் நிப்பிள், அதாவது கம்பியை ரிம்மோடு இறுக்கும் குட்டி நட்டு, தானாகக் கழன்று திரும்பும். கழன்றால் இன்னும் லூசு. இப்படியே போய் ஒரு நாள் கம்பியின் தலை வளையும் இடத்தில் முறியும். பாரம் தாங்க முடியாமல் அறுவதைவிட, இப்படித் தளர்ந்து தளர்ந்து களைத்துப்போய் அறுவதுதான் அதிகம். அதனால் கம்பி இறுக்கமாக இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் சமமாகவும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் நான் தட்டிக் காட்டிய ஓசையின் அர்த்தம் இதுதான். மறுபக்கம் தாழ்ந்து ஒலித்ததும் குறை இல்லை. பின்னால் பல்சக்கரங்களுக்கு இடம் விட்டதால் ரிம் ஹப்பின் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் உட்காராது, செயின் இல்லாத பக்கம் இழுவை குறைவாகத்தான் இருக்கும்.

என் தாத்தாவின் ராலே சைக்கிள் நினைவுக்கு வருகிறது. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிவிட்டு, பால் வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போவார். அந்தக் காலத்து ராலேக்களில் முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. பாரம் எங்கே விழுகிறதோ அங்கே கம்பி கூடுதல். லயத்துக்கு முன்னால் இருந்த செம்மண் பாதையில் அந்தச் சக்கரம் எத்தனை வருடம் ஓடியது என்பதை என் அப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். கம்பி அறுந்தால் தாத்தாவே மாற்றுவார். கடையில் எப்போதும் கிடைக்கிற கம்பி.

அப்படிப்பட்ட சக்கரம்தான் எனக்கும் வேண்டியிருந்தது. இப்போது என் புதுச் சக்கரத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ரிம், எச் பிளஸ் சன் டிபி14. வெள்ளி நிறம், பளபளப்பு, பழைய பெட்டி வடிவம். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய காலத்து ரிம், ஆனால் அகலம் 23 மில்லிமீட்டர், அதனால் 28 டயர் நன்றாக உட்காருகிறது. ஸ்டீல் ஃப்ரேமுக்கு இந்தச் சாதாரண உயரமும் இந்த வெள்ளியும் சேர்ந்தால்தான் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. கறுப்பு உயர ரிம் போட்டுப் பார்த்தேன், வேட்டிக்கு பூட்ஸ் மாட்டின மாதிரி இருந்தது. ஹப், ஷிமானோ 105. பதினோரு ஸ்பீடுக்கானதாகவே வாங்கிவிடுங்கள். உங்களிடம் பத்து ஸ்பீடு இருந்தாலும் அதற்கான இடைவெளி வளையங்கள் போட்டால் உட்கார்ந்துவிடும். இந்த ஹப்பைக் கழற்றலாம், உள்ளே தனித்தனி பேரிங் குண்டுகள். மழைக்காலம் முடிந்ததும் துடைத்து, புதுக் குண்டும் கிரீஸும் வைத்துக்கொள்ளலாம்.

முன்னால் 32, பின்னால் 32 கம்பி. நான் 78 கிலோ. எடை கூடுதல் என்றாலோ, பின்னால் மூட்டை கட்டி ஊர் சுற்றுவது என்றாலோ பின்னால் 36 கேளுங்கள். கம்பி, சாப்பிம் ரேஸ். இரண்டு முனையும் 2 மில்லிமீட்டர், நடுவில் 1.8. நடுவில் மெலிந்த கம்பி எதற்கு என்று சக்கரத்தைப் பின்னிய அங்கிளிடம் கேட்டேன். மெலிந்த இடம் கொஞ்சம் நீளும், அதனால் கீழே வரும்போது முழுக்கத் தளராது, வளைவில் விழும் அடியையும் வாங்கிக்கொள்ளும். ஒரே பருமனான கம்பியைவிட இதுதான் நீண்ட நாள் உழைக்கும். நிப்பிள் பித்தளை. எடை குறையும் என்று அலுமினிய நிப்பிளைத் தேடாதீர்கள். நம் ஊர் மழையில் அது அரித்து ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு திருப்பினால் உடையும்.

அங்கிள் என்று சொன்னேனே, நம் கடைத்தெருவில் நாற்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனர். தமிழும் பேசுவார். ஒரு கம்பி மூன்று கம்பிகளைத் தாண்டிப் போகும்படி பின்னினார், மூன்றாவதில் மட்டும் மேலும் கீழுமாக மாற்றிக் கோத்தார். வால்வு ஓட்டைக்கு இரண்டு பக்கமும் கம்பிகள் விலகிப் போக வேண்டும், இல்லையென்றால் பம்பின் தலை நுழையாது. வால்வு ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தால் ஹப்பின் மேல் எழுதியிருக்கும் பெயர் தெரிய வேண்டும். இதோ பாருங்கள், தெரிகிறது. இதற்கு யாரும் கூடுதல் கூலி கேட்பதில்லை. பின்னியவர் கவனமாகப் பின்னினார் என்பதற்கு இதுவே கையெழுத்து.

கோட்டம் எடுத்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. ஒரே திசையில் போகும் இரண்டு இரண்டு கம்பிகளாகக் கையில் பிடித்துச் சுற்றிலும் பலமாகப் பிழிந்தார். டிக் டிக் என்று சத்தம் வந்தது. முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் விடுபடுகிற சத்தம் அது. வளைவுகளும் ஹப்பில் சரியாகப் போய் உட்காரும். அப்புறம் மறுபடி கோட்டம் பார்த்தார், மறுபடி பிழிந்தார். நான்கு தடவை. என்னிடம் இழுவை அளக்கும் மீட்டர் இருக்கிறது, வீட்டுக்கு வந்து அளந்தேன். செயின் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் 105லிருந்து 112 கிலோவுக்குள். அவர் காதால் மட்டும்தான் பார்த்தார்.

கையால் பின்னியது என்றாலே நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவசரமாகப் பின்னிய வீலைவிட ஒழுங்கான மிஷின் வீல் எவ்வளவோ மேல். யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும், அவர் முன்பு பின்னிய வீல் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

செலவு. இரண்டு ரிம், இரண்டு ஹப், 64 கம்பி, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 1,180 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. முன்பு வாங்கிய கம்பெனி வீல் ஜோடி 750 வெள்ளி. வித்தியாசம் கையைக் கடிக்கும்தான். ஆனால் செம்மண் கலந்த தண்ணீரோடு ரிம் பிரேக் பிடித்தால் ரிம்மின் பக்கச் சுவர் தேய்ந்துகொண்டே வரும். இந்தச் சக்கரத்தில் ரிம் தேய்ந்தால் அதே அளவுப் புது ரிம்மைப் பழையதோடு ஒட்டி வைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். ஹப் அப்படியே இருக்கும். ஒரு கம்பி அறுந்தாலும் பிரேக்கைத் திறந்துவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம், 31 கம்பி மிச்சம் இருக்கிறது. அதே கம்பி அங்கிள் கடையில் டப்பாவில் கிடக்கிறது. ஒன்று மூன்று வெள்ளி.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கிருந்து கோலகங்சார் பக்கம்தான். 1877இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. 1887-88இல் டன்லப் என்பவர் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று அடைத்த டயர் செய்தார். அதற்கப்புறம்தான் சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் ரப்பர் ரப்பர் என்று உலகம் தேடியது, இங்கே தோட்டம் தோட்டமாகப் பால்மரம் நட்டார்கள், நம் ஆட்களைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். சைக்கிள் சக்கரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது மனதில் ஓடும்.

புது வீல் முதல் 200 கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், மறுபடி கொண்டு வா என்று அங்கிள் சொல்லியிருக்கிறார். இதுவரை 140 ஓடிவிட்டது. மிச்சம் 60. நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்த மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் பாதிக்கு மேல் கழிந்துவிடும். கேமராவையும் எடுத்துக்கொண்டு போகிறேன். தம்பி, நீயும் வருவதாக இருந்தால் ஆறு மணிக்கு ஒட்டுக்கடைக்கு வந்துவிடு.