1962 ஜகார்த்தா: இடம் மாறி ஆடியவர்கள்

(குன்னூரில் நடந்த ஒரு கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எஸ்டேட்டுகளிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் வந்திருக்கும் அணிகளுக்கும், தூறல் விழுந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பரிசு கொடுப்பதற்கு முன்னால் கால்பந்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். மெஸ்ஸியைப் பற்றிப் பேசுங்கள், எம்பாப்பேயைப் பற்றிப் பேசுங்கள் என்று தம்பிகள் சிலர் கேட்டார்கள். அவர்களைப் பற்றி என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்தைப் பற்றி. இந்தியா தங்கம் வென்ற போட்டி அது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் நமக்குக் கால்பந்தில் தங்கமே கிடைக்கவில்லை. 1970இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம், அதோடு சரி. அந்தத் தங்கத்தில் இந்த மலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். இந்தியா, தென்கொரியா, ஜப்பான், தாய்லாந்து நான்கும் ஒரே பிரிவில் இருந்தன. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்குப் போனோம். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம். செப்டம்பர் 4ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே தென்கொரியா. இந்த முறை 2-1 என்று நாம் வென்றோம். வெண்கலம் மலாயாவுக்குப் போனது.

சாதாரண அணியிடமா தோற்றோம், சாதாரண அணியையா வென்றோம்? 1956, 1960 என்று முதல் இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி தென்கொரியா. அன்றைக்கு ஆசியாவில் அவர்களுக்கு மேலே யாரும் கிடையாது. முதல் ஆட்டத்தில் நம்மை இரண்டு கோலில் தோற்கடித்த அணியை, அதே தொடருக்குள் திரும்பச் சந்தித்து வெல்வது எவ்வளவு கஷ்டம் என்று இன்று கிரவுண்டில் இறங்கிய உங்களுக்குத் தெரியும்.

சரி, கோல் அடித்தவர்கள் யார்? பி.கே. பானர்ஜி நான்கு, கேப்டன் சுனி கோஸ்வாமி மூன்று, துளசிதாஸ் பலராம் இரண்டு, ஜர்னைல் சிங் இரண்டு. மொத்தம் பதினொன்று. பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் மூவரையும் சேர்த்துத்தான் இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று இன்றும் பேசுகிறார்கள். இதில் பலராம் செகந்திராபாத் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அணிப் பட்டியலைப் பார்த்தால் அருமைநாயகம், எத்திராஜ் என்ற பெயர்களும் இருக்கும். கோல் அடித்த அந்த மூவருமே இப்போது இல்லை. பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020இல் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பலராம் 2023 பிப்ரவரியில் காலமானார்.

இந்தப் பட்டியலில் நான்காவது பெயரைக் கவனியுங்கள். ஜர்னைல் சிங். அவர் முன்னால் நின்று கோல் அடிக்கும் ஃபார்வர்ட் கிடையாது, ஸ்டாப்பர். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை நகரவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் அவர் வேலை. தாய்லாந்து ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டது. ஆறு தையல். தலையில் தையலோடு இருப்பவரை டிஃபன்ஸில் நிறுத்தினால், மேலே வரும் ஒவ்வொரு பந்துக்கும் அவர் தலையைக் கொடுத்தாக வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அவரை வெளியே உட்கார வைத்திருப்பார்கள். பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல். இறுதி ஆட்டத்தில் பானர்ஜி முதல் கோலை அடித்த கொஞ்ச நேரத்திலேயே ஜர்னைல் இரண்டாவதை அடித்தார். தங்கத்தைத் தந்த கோல் அதுதான். ஏனென்றால் ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது.

எனக்கு இந்தப் போட்டியில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தேர்வுக்குழு அறையில் உட்கார்ந்து யோசித்தால் இந்த முடிவு வராது. தன் ஆட்களை ஒவ்வொரு நாளும் கிட்டே இருந்து பார்த்த ஒருவருக்குத்தான் வரும். சையது அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற அணியை, 1956 மெல்போர்னில் நான்காவது இடத்துக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். இவ்வளவையும் கட்டியெழுப்பிய ரஹீம், ஜகார்த்தா வெற்றி கிடைத்து ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், 1963 ஜூனில் புற்றுநோயால் இறந்துபோனார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. இன்னும் பத்து ஆண்டு அவர் இருந்திருந்தால் நம் கால்பந்து வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அந்த இறுதி ஆட்டம் எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு வரவிடவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக்கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இருந்த இந்தியரான ஜி.டி. சோந்தி சொல்லிவிட்டார். ஜகார்த்தா மக்களின் கோபம் அப்படியே இந்தியா மேல் திரும்பியது. இந்தியத் தூதரகத்தின் முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது. வெளியே போகும்போது தலைப்பாகை அடையாளத்தால் ஆபத்து வரக்கூடாது என்று சீக்கிய வீரர்கள் பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து போனதாக அணியில் இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். செனயான் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் அளவுக்குக் கூட்டம். பெரும்பாலும் எல்லோரும் நமக்கு எதிராகக் கத்துகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்றும் வீரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதே ஜகார்த்தாவில் ஹாக்கி இறுதியில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள் அவர்கள்! விளையாட்டுக்காரனின் மனசு விளையாட்டுக்காரனுக்குத்தான் தெரியும்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

ஒரு லட்சம் பேர் கத்தும் அந்த மைதானத்தில் இந்திய கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். தொடரில் பிரத்யுத் பர்மனும் கீப்பராக ஆடினார். இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜ். நல்ல உயரம், நீண்ட கைகள். ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆட வந்தார். அந்த சென்டர் எங்கே இருக்கிறது? இதோ, பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் வெலிங்டன். நாம் தினமும் தாண்டிப் போகிற இடம்.

அந்த வெலிங்டன் சென்டர் அணி 1955இல் டியூரண்ட் கோப்பையை வென்றது. 1958இல் மறுபடியும் வென்றது. டியூரண்ட் கோப்பை 1888இல் சிம்லாவில் தொடங்கிய போட்டி, ஆசியாவிலேயே மிகப் பழைய கால்பந்துப் போட்டி. அந்தப் பத்தாண்டில் அதை வென்றவர்கள் யார் யார் என்று பாருங்கள்: ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், ஹைதராபாத் போலீஸ். அந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவில் இரண்டு முறை நம் வெலிங்டன் சென்டரின் பெயர் இருக்கிறது. இரண்டு முறையும் அணியில் தங்கராஜ் இருந்தார். குன்னூரில் பிறந்து வளர்ந்த எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? தெரியாதது அவர்கள் குற்றம் இல்லை. நாம்தான் சொல்லாமல் விட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. தங்கராஜ் ஆட ஆரம்பித்தபோது கீப்பர் இல்லை. சென்டர் ஃபார்வர்ட். கோல் அடிக்க ஆசைப்பட்ட பையன் கோலைக் காக்கப் போய், ஆசியாவின் மிகச் சிறந்த கீப்பர்களில் ஒருவராக ஆனார். 1956, 1960 என்று இரண்டு ஒலிம்பிக், ஜகார்த்தா தங்கம், 1967இல் அர்ஜுனா விருது. 1960-61இல் முப்படைகளின் சர்வீசஸ் அணி, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை முதன்முறையாக வென்றபோது கேப்டன் அவர்தான். அப்புறம் கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கு ஆடினார்.

யோசித்துப் பாருங்கள். ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த ஒருவர் ஸ்டாப்பராக இருந்து ஃபார்வர்டானவர். கோலைக் காத்தவர் ஃபார்வர்டாக இருந்து கீப்பரானவர். இவர்களை முதல் நாள் நின்ற இடத்திலேயே நிறுத்தியிருந்தால் அந்த 2-1 வந்திருக்குமா? அதனால்தான் இங்கே இருக்கும் பி.டி. மாஸ்டர்களையும் எஸ்டேட் அணிகளின் கோச்சுகளையும் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையனிடம் நீ பேக், நீ ஹாஃப் என்று ஒரேயடியாக முத்திரை குத்திவிடாதீர்கள். ஒரு சீசன் மாற்றி ஆடவிட்டுப் பாருங்கள்.

கீப்பர் விஷயத்தில் நாம் செய்வது இன்னும் மோசம். நம் கிரவுண்டுகளில் யாரைக் கோலில் நிறுத்துகிறோம்? ஓட முடியாதவனை, ஷூ இல்லாதவனை, கடைசியாக வந்தவனை. ஆனால் நீலகிரியில் கீப்பர் வேலை மற்ற ஊர்களைவிடக் கஷ்டமானது. நாம் கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறோம். இங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் தூரத்திலிருந்து அடிக்கும் பந்து, கீழே குறைகிற அளவுக்கு வேகம் குறையாமல் வரும். கோயம்புத்தூரிலிருந்து வரும் கீப்பர்கள் இங்கே நீண்ட பந்துகளுக்குத் தடுமாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதோடு மூடுபனி. மதியம் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டால் பாதி கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே கீப்பருக்குத் தெரியாது. பந்து திடீரென்று பத்து கஜத்தில் முளைக்கும். அதைப் பிடித்துப் பழகியவன் எந்த ஊர் கோலிலும் தைரியமாக நிற்கலாம். இன்றைய இறுதி ஆட்டத்தில் இரண்டாவது பாதியில் நடந்தது அதுதானே? இரண்டு கீப்பர்களும் கண்ணால் பார்த்துத் தடுத்ததைவிட, பந்து உதைபடும் சத்தத்தைக் கேட்டு நகர்ந்து தடுத்ததுதான் அதிகம். நான் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அபாரமான ஆட்டம்.

இந்த மேஜையில் இருக்கும் கோப்பைகளைப் பார்க்கிறேன். வென்ற அணிக்கு ஒன்று, இரண்டாவது வந்த அணிக்கு ஒன்று, அதிக கோல் அடித்தவருக்கு ஒன்று, தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஒன்று. கீப்பருக்கு எதுவும் இல்லை. விழாக் குழுவினரிடம் கேட்டுக்கொள்கிறேன், அடுத்த ஆண்டிலிருந்து சிறந்த கீப்பருக்கு ஒரு கோப்பை கொடுங்கள். பீட்டர் தங்கராஜ் பெயரில் கொடுங்கள். தங்கராஜ் 2008இல் காலமானார். அவர் ஆடிய வெலிங்டனுக்குப் பக்கத்திலேயே, அவர் பெயரில் ஒரு பரிசை ஒரு மலைப் பையன் வாங்கட்டும். கோப்பைக்கு ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். இதை மேடைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாளைக்கே வந்து பணத்தைக் கட்டிவிடுகிறேன்.

இந்த ஆண்டு கோப்பை இல்லை, பரவாயில்லை. பரிசளிப்பை ஆரம்பிக்கும் முன் இரண்டு அணியின் கீப்பர் தம்பிகளையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். கையில் உறை இருந்தால் கழற்ற வேண்டாம், அப்படியே வரட்டும். முதல் சால்வை அவர்களுக்கு.