உங்கள் போனில் ஆபீசுக்கு எவ்வளவு இடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

புது வேலையில் சேர்ந்ததும் ஐடி பிரிவிலிருந்து ஒரு மெயில் வரும். ஆபீஸ் மெயிலைப் போனில் பார்க்க வேண்டுமென்றால், இந்த ஆப்பைப் போட்டு போனை என்ரோல் செய்யுங்கள், அதாவது நிறுவனத்தின் நிர்வாகத்தில் பதிவு செய்யுங்கள் என்று. சிலர் எதையும் படிக்காமல் எல்லாத் திரையிலும் சரி, சரி என்று தட்டிவிடுவார்கள். சிலர், நம் வாட்ஸப்பையெல்லாம் பார்ப்பார்களோ என்று பயந்து மெயிலே வேண்டாமென்று இருந்துவிடுவார்கள். நிறுவனங்களின் லேப்டாப்களையும் போன்களையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பதுதான் என் தொழில். இரு தரப்புக்கும் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் நிறுவனத்தின் பக்கம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகளைக்கூட தள்ளிவைத்தார்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. எந்தக் கணினிக்கு அது போய்ச் சேரவில்லை என்று பார்த்துச் சரிசெய்ய ஆளும் வழியும் இல்லாத இடங்களில்தான் அடி பலமாக விழுந்தது. 2022இல் லாஸ்ட்பாஸ் கதை வேறு மாதிரி. பிறருடைய பாஸ்வேர்டுகளைப் பாதுகாப்பதே அந்த நிறுவனத்தின் தொழில். அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில், படம் பார்க்க, பாட்டுக் கேட்க வைத்திருந்த மென்பொருளின் ஓட்டை வழியாகத் திருடர்கள் புகுந்தார்கள். அவர் தட்டிய முதன்மைப் பாஸ்வேர்டு அவர்கள் கைக்குப் போனது. வீட்டுக் கணினி என் சொந்த விஷயம் என்று அதற்கு மேல் எப்படி வாதாடுவது?

ஆபீஸ் கொடுத்த கருவி என்றால் பேச்சு அதிகமில்லை. அது அவர்களுடையது. லேப்டாப்பின் அடையாளத்தை நிறுவனத்தின் பெயரில் முன்கூட்டியே பதிந்துவைப்பார்கள்; அதற்கென்றே விண்டோஸுக்கு ஆட்டோபைலட், ஆப்பிளுக்கு ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் என்ற சேவைகள் உண்டு. பெட்டியைப் பிரித்து வைஃபையில் இணைத்ததும் நிறுவனத்தின் பெயர் போட்ட திரை வரும். அதிலேயே குடும்பப் படங்களையும் வருமான வரிக் கணக்கையும் சேமித்துவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சிக்கல் சொந்தப் போனில்தான். என்ரோல் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இங்கே வேறுவேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

ஆண்ட்ராய்டில் நல்ல ஏற்பாடு வொர்க் ப்ரொஃபைல். வீட்டில் ஓர் அறையை ஆபீசுக்கு வாடகைக்கு விட்டதுபோல. ஆபீஸ் ஆப்களின் மேல் சின்னதாக ஒரு பெட்டி அடையாளம் இருக்கும். அந்த அறைக்குள் அவர்கள் சட்டம். அங்கிருந்து காப்பி செய்ததை வெளியே ஒட்டவிடாமல்கூடத் தடுக்கலாம். வெளியே இருக்கும் உங்கள் படங்கள், மெசேஜ்கள், நீங்கள் போட்ட ஆப்கள் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. சனி, ஞாயிறு அந்தப் பகுதியையே நிறுத்திவைக்கலாம், தைரியமாகச் செய்யுங்கள். வேலையை விட்டால் அந்தப் பகுதி மட்டும் அழியும்.

அப்புறம் முழு மேலாண்மை, அதாவது மொத்தப் போனும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில். ஆண்ட்ராய்டில் இதை அடையாளம் காண்பது சுலபம். போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, வரவேற்புத் திரையில் ஆறு முறை தட்டி, கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய போனுக்கு இப்படிக் கேட்டால் நேராக மறுத்துவிடலாம் என்பது என் கருத்து. முழுப் போனையும் வேண்டுமென்பவர்கள் ஒரு போன் வாங்கிக் கொடுக்கட்டும்.

ஐபோனில் வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. யூசர் என்ரோல்மென்ட் என்றால் நிர்வாகியால் உங்கள் போனின் சீரியல் எண்ணைக்கூடப் பார்க்க முடியாது, முழுப் போனையும் அழிக்கவும் முடியாது. டிவைஸ் என்ரோல்மென்ட் என்றால் என்னென்ன ஆப் வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கலாம். மொத்தப் போனையும் தூரத்திலிருந்தே அழிக்கலாம். இதிலும் மெசேஜோ படங்களோ அவர்களுக்குத் தெரியாது. ஆனால் போன் காலியானால் குழந்தையின் படங்களும் போய்விடும் அல்லவா? ஆகவே எந்த வகை என்று ஐடி பிரிவிடம் முதலிலேயே கேளுங்கள். ஏற்கெனவே சம்மதித்துவிட்டீர்களா? செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள்.

வெறும் மெயிலும் டீம்ஸும்தான் வேண்டுமென்றால் இத்தனையும் தேவையே இல்லை. அந்த ஆப்களுக்கு மட்டும் தனிப் பின் எண்ணும் கட்டுப்பாடும் போட மைக்ரோசாஃப்ட் இன்டியூன் என்ற மேலாண்மை மென்பொருளில் வழி உண்டு. போனை என்ரோல் செய்யாமலே அது நடக்கும். பல நிறுவனங்கள் இதைப் பரிசீலிப்பதுகூட இல்லை. சோம்பல், வேறென்ன!

நிர்வாகிகளும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே சாவி என்றால், திருடன் அந்தச் சாவியைத்தான் தேடுவான். 2023 ஜூலையில் நார்வே அரசின் 12 அமைச்சகங்கள் பயன்படுத்திய தளத்துக்குள் ஊடுருவியவர்கள் வந்த வழியே இவான்டி என்ற நிறுவனத்தின் கைப்பேசி மேலாண்மை மென்பொருள்தான். லட்சம் கருவியை அழிக்கும் அதிகாரம் உள்ள அட்மின் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்புகூட இல்லாமல் வைத்திருந்தால், ஊழியர்கள் போனில் எட்டு இலக்கப் பின் எண் கேட்பதில் என்ன நியாயம்?

நம் நாட்டில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வேலை தொடர்பான தேவைக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும், ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே கையாள அதன் 7ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. எதையெல்லாம் பார்ப்பீர்கள், எதை அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காசு கொடுக்கும் முன், கடையிலேயே அதை ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்துப் பாருங்கள். முன்பு வைத்திருந்த நிறுவனம் தன் பதிவிலிருந்து நீக்காமல் விற்றிருந்தால், எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அவர்கள் பெயர்தான் திரையில் வரும். அதை நீக்கிக் கொடுக்கக் கடைக்காரரால் முடியாது. அந்த நிறுவனத்தால்தான் முடியும். அப்படிப் பெயர் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.