பயிற்சிக் காலமும் கொழும்பு மாநகரும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் எங்கள் பிள்ளைகள், படிப்பின் ஒரு பகுதியாகச் சில மாதங்கள் கொழும்பில் தொழிற்பயிற்சி பெறச் செல்வது, இன்று யாழ்ப்பாணத்தில் அநேக வீடுகளுக்குத் தெரிந்த சங்கதி. கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையில் ஓர் அறை, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒரு பை பருத்தித்துறை வடை, யாழ்தேவி ரயிலில் ஓர் இருக்கை என்று அதற்கான ஆயத்தங்களும் தெரிந்தவையே. அலுவலகத்தில் அவர்கள் கற்பதைக் கவனிக்க மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். மாலையிலும் வார இறுதியிலும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதிலேயே, அவர்களை அனுப்பிவைக்கும் ஆசிரியனாக இருந்த காலத்திலிருந்து எனக்கு அக்கறை.

பெரும்பாலானோர் காலி வீதியை விட்டு விலகுவதில்லை. 100ஆம் இலக்கப் பேருந்தில் கோட்டைக்குப் போய், அதே பேருந்தில் திரும்பி, இடியப்பப் பார்சலோடு அறைக்குள் நுழைந்தால், மறுநாள் காலையில்தான் கதவு திறக்கும். நான் வெள்ளவத்தையைக் குறை சொல்லவில்லை. எங்கள் தாய்மார் நிம்மதியாக உறங்குவதே அந்த ஊரை நம்பித்தான். ஆயினும் வெள்ளவத்தையை மட்டும் பார்த்துவிட்டு வருபவர் கொழும்பைப் பார்த்தவர் ஆகமாட்டார்.

அதனால், பயிற்சிக் குறிப்பேட்டில் வாரத்துக்கு ஒரு பக்கத்தை நகரத்துக்கு ஒதுக்குங்கள் என்று மாணவரிடம் கேட்டுக்கொள்வேன். முதற் பக்கம் கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்கு உரியது. புறக்கோட்டையிலிருந்து வரும் 138ஆம் இலக்கப் பேருந்து அதன் அருகிலேயே இறக்கிவிடும். ஆளுநர் கிரெகரியின் முயற்சியால் 1877 இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையில் சிம்மாசனமும் கிரீடமும் பார்க்கத்தான் கூட்டம் சேரும். நான் அனுப்புவது ஒரு கல்லைப் பார்க்க. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயினாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றி, அவரவர்க்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. இத்தனை பெருமையுள்ள கல், 1911 இல் காலி நகரத்தில் கண்டெடுக்கப்பட்டபோது வடிகாலின் மூடுகல்லாகக் கிடந்தது.

கணக்கியல் படித்த மாணவி ஒருவர், அலுவலகத்தில் களஞ்சியப் பொருள்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர், ஒரு சனிக்கிழமை இந்தக் கல்லின் முன் போய் நின்றார். தேய்ந்த தமிழ் எழுத்துகளில் தமக்குப் பிடிபட்டவற்றைக் குறிப்பேட்டில் பெயர்த்து, ஆய்வாளர்களின் வாசிப்பைத் துணைக்கொண்டு பொன், வெள்ளி, பட்டு, நறுநெய் எனக் காணிக்கைகளை மூன்று நிரல்களாக வகுத்து, அடியில் இப்படி எழுதியிருந்தார்: “மூன்று தெய்வங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு, கணக்காய்வில் கேள்வி எழாது, சேர்.” கல்வெட்டைப் பற்றி நான் படித்த கட்டுரைகளை விட அந்த ஒரு வரியே எனக்குப் பிடித்தது. மூன்று கூட்டத்தாரும் வணிகம் செய்த கடற்கரைக்கு வந்த செங் ஹே, ஒருவருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அறிந்திருந்தார் என்பதைத்தானே அந்தப் பிள்ளை தம் தொழிலின் கண்ணால் கண்டுகொண்டார்! அவர் பயிற்சியில் கற்றதும் ஊரில் கண்டதும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டன. நான் மீண்டும் மீண்டும் சொல்வது இதைத்தான்: குறிப்பேட்டின் அந்தப் பக்கம் பயிற்சிக்குப் புறம்பானது அன்று.

இரண்டாம் பக்கம் புறக்கோட்டைக்கு. அங்கே நடந்தே செல்லவேண்டும். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பத்தாரின் கான் மணிக்கூட்டுக் கோபுரம், 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட செவ்வெள்ளைப் பள்ளிவாசல், ஆடி வேல் இரதம் புறப்படும் செட்டியார் தெரு, அதற்கும் அப்பால் 1757 இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம் எல்லாம் ஒரே காலைப்பொழுதில் அடங்கும். இன்னும் சற்று நடந்தால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். தந்தையார் எழுப்பிய அக்கோயிலைக் கருங்கல்லால் புதுப்பித்த சேர் பொன்னம்பலம் இராமநாதனே 1921 இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். அந்த வளவிலேதான் இன்று எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாள்தோறும் அந்த வளவுக்குள் நடந்த பிள்ளைகள், இந்தத் தூண்களுக்கு நடுவிலும் ஒருமுறை நிற்கட்டுமே.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார். மூன்றாம் பக்கம் கோட்டேக்கு உரியது. அதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். 1982 இல் நாடாளுமன்றம் இடம்பெயர்ந்தது முதல் சட்டப்படி தலைநகரம் அதுவே. தியவன்னா வாவியின் நடுவே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடத்தைத் தொலைவில் நின்று பார்க்கலாம். பழைய அரண்மனை நகரின் அகழியும் மதிலும் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அங்கிருந்து புறப்பட்டு 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரன், பின்னர் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டேயை ஆண்டவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் வாசிக்கப்படும் கட்டியத்தில் புவனேகபாகு என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மிகுதியைப் பிள்ளைகளே போய்ப் பார்த்து எழுதட்டும். நன்றி, வணக்கம்.