சருகுக் குவியலும் காண்டாமிருக வண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஜனவரி கடைசி தொட்டு மார்ச் வரை மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இலை கொட்டும் காலம். வீட்டு வாசலில் மா, ரம்புத்தான், கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) சருகுகளுக்கோ காலக்கணக்கே கிடையாது.

கூட்டிக் கொளுத்துவது சுலபம்தான். ஆனால் திறந்தவெளியில் எரிப்பதை நம் நாட்டின் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், தள்ளினால் தண்ணீர் அடைத்துத் தேங்கும். அதில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் பத்து நாளுக்குள் கொசு பறக்கும்.

மக்கவைப்பதே மேல். மூன்று கூடை காய்ந்த சருகுக்கு ஒரு கூடை பச்சைப் புல் சேருங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டராவது இருக்கட்டும். சிறிதானால் உள்ளே சூடேறாது. மாவிலை, கெத்தாப்பாங் போன்ற தடித்த இலைகளைப் பாராங் கத்தியால் நறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, காற்றும் நீரும் இறங்காது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும். அழுகிய முட்டை நாற்றமா? ஈரம் அதிகம், கிளறிச் சருகு சேருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடியா? புல் அதிகம், அதற்கும் சருகுதான் மருந்து. நம் ஊர் மழைக்கு மேலே கன்வாஸ் கட்டாயம்.

செம்பனைக்கும் (எண்ணெய்ப்பனை) தென்னைக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். மக்கும் குவியலில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் மட்டையில் கத்தரித்தது போல முக்கோண வெட்டு தெரியும். பலர் மரத்துக்கு மருந்து தேடி அலைகிறார்கள், குவியலை யாரும் பார்ப்பதில்லை! வாரம் ஒருமுறை அடிவரை புரட்டுங்கள். விரல் தடிமனில், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். முட்டை வண்டாக மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூன்று மாதத்துக்குள் உரத்தை எடுத்துவிடுங்கள். பழைய குவியலை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பால்மர வேர்த்துண்டும் கட்டையும் இதில் வேண்டாம், வெள்ளை வேர் நோய் என்ற பூஞ்சை நோய் அவற்றோடு வரக்கூடும்.

தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குவிக்க இடமிருக்காது. நறுக்கிய சருகைச் செடிகளைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். மீந்ததை நனைத்து, ஓட்டை போட்ட அரிசிச் சாக்கில் கட்டி நிழலில் வையுங்கள். வாய் திறந்திருந்தால் வண்டு அங்கேயும் வரும், இறுக்கிக் கட்டுங்கள்.