பாதுகாப்பே என்று பேச வந்தேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு அரசியல் பிரதிநிதித்துவம் பெரிதும் தருவது பெருமையா, பாதுகாப்பா?’ பாதுகாப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2009இல் வெள்ளை மாளிகையில் எடுத்த அந்தப் படத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். ஐந்து வயதுக் கறுப்பினப் பையன், தன் முடியும் அதிபர் ஒபாமாவின் முடியும் ஒரே மாதிரிதானா என்று கேட்க, அவர் குனிந்து தலையைக் காட்டுகிறார். பையன் தொட்டுப் பார்க்கிறான். எனக்கும் பிடித்த படம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அதே முடியைப் பின்னிக்கொண்டோ, சடைமுடியாக விட்டுக்கொண்டோ போன பிள்ளைகளை, விதிக்கு ஒத்துவராது என்று வீட்டுக்கு அனுப்பிய பள்ளிகள் அந்த நாட்டில் உண்டு. அதைத் தடுக்க முதலில் சட்டம் போட்ட மாநிலம் கலிபோர்னியா. 2019இல் வந்த கிரௌன் சட்டம். கொண்டுவந்த மாநில செனட்டர் ஹாலி மிட்செல், தானே சடைமுடி வைத்திருந்த கறுப்பினப் பெண். அவர் அங்கே இல்லாவிட்டால், பிள்ளைகளின் தலைமுடி சட்டமன்றத்தில் பேச வேண்டிய விஷயம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

கமலா ஹாரிஸ் துணை அதிபர் ஆனதற்கு மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தோம். பெருமை நமக்கு. இங்கிருந்து போன அவருடைய அம்மா சியாமளா கோபாலனோ, தன் இரண்டு பெண்களையும் அமெரிக்கா கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்தே வளர்த்தவர்.

சரி, பெர்குசனுக்கு வருவோம். மிசூரி மாநிலத்துச் சின்ன ஊர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் கறுப்பினத்தவர். 2014இல் நகரமன்றத்து ஆறு உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். அந்த ஆகஸ்டில், நடுரோட்டில் நடந்துபோன 18 வயது மைக்கேல் பிரவுனைப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். சில நிமிடங்களில் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு மார்ச்சில் மத்திய நீதித்துறையின் அறிக்கை வந்தது. சாலையில் நடக்கும் விதம் சரியில்லை என்று அந்த ஊரில் ஒரு குற்றமே இருந்தது, நடுவர் அவர்களே! அதில் மாட்டியவர்களில் 95 சதவீதம் கறுப்பினத்தவர். ஒரு பெண்மணி 2007இல் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலர். ஆஜராகவில்லை, ஆஜராகவில்லை என்று அது ஏறிக்கொண்டே போக, 550 டாலர் கட்டி, ஆறு நாள் சிறையிலும் இருந்த பிறகு, 2014 கடைசியில் பாக்கி எவ்வளவு தெரியுமா? 541 டாலர்! கந்துவட்டிக்காரன் தோற்றான். இந்த அபராதத்தையெல்லாம் வருமானம் என்று பட்ஜெட்டிலேயே எழுதி வைத்திருந்தது நகராட்சி. பட்ஜெட்டுக்குக் கை தூக்குவது யார்? அந்த ஆறு பேர்தானே!

2015 ஏப்ரல் தேர்தலில் ஆறில் மூன்று இடம் கறுப்பினத்தவருக்கு வந்தது. அதில் ஜெயித்த வெஸ்லி பெல், 1991 முதல் அசையாமல் உட்கார்ந்திருந்த மாவட்ட அரசு வழக்கறிஞரை 2018இல் தோற்கடித்தார். பெல்லும் பிரவுன் வழக்கை மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் போலீஸ்காரர் மேல் குற்றம் சாட்ட முடியாது என்று 2020இல் சொன்னார். எதிரணி எடுத்துக் கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எதிரணியில் அடுத்துப் பேசியவர் பால்டிமோர் நகரத்தைக் காட்டினார். 2015இல் அங்கே மேயர், போலீஸ் கமிஷனர், நாட்டுக்கே அதிபர், மூவரும் கறுப்பினம். ஃப்ரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் காவலில் காயம்பட்டு இறந்தாரே, எங்கே பாதுகாப்பு என்றார். நியாயமான கேள்வி. நம்ம ஆள் மேலே போயாச்சு, இனி கவலையில்லை என்று இருந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். அப்படி இருக்கச் சொல்வது எது? நீங்கள் பேச வந்த பெருமைதான் ஐயா!

கடைசியாக ஓர் அம்மா. 2012 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், பெட்ரோல் பங்கில் நின்ற காரில் பாட்டுச் சத்தம் அதிகம் என்ற தகராறில் 17 வயது ஜோர்டன் டேவிஸ் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் அம்மா லூசி மெக்பாத், விமானப் பணிப்பெண். 2018இல் ஜார்ஜியாவில் தேர்தலில் நின்று, ஜெயித்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போனார். 2022 ஜூனில் துப்பாக்கி வாங்குவதற்கான விதிகளை இறுக்கும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆதரித்த கைகளில் அவர் கையும் ஒன்று. எந்தப் பெருமைக்காக அந்த அம்மா தேர்தலில் நின்றார் என்று எதிரணி சொல்லட்டும். அப்புறம் நடுவர் தீர்ப்பைச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.