யூத வெறுப்புத் தடைச் சட்டங்களும் பேச்சுரிமையும்: நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

“யூத வெறுப்பைத் தடுக்கும் சட்டங்கள் இஸ்ரேல் அரசை விமர்சிப்பவர்களின் வாயையும் அடைத்துவிடாதா?” என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடைக்கக்கூடும், சில நேரம் அடைத்தும் இருக்கின்றன. ஆனாலும் அந்தச் சட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2015 ஜனவரியில் பாரிஸில் யூதர்களின் மளிகைக் கடைக்குள் நுழைந்த ஒருவன் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த வெறுப்பு வெறும் பேச்சோடு நிற்பதில்லை.

பிரான்சிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போன இரண்டு வழக்குகளைப் பாருங்கள். நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையை மறுப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரான்சில் குற்றம். அவ்வாறு மறுத்து நூல் எழுதித் தண்டிக்கப்பட்ட ரோஜே கரோதி, தம் கருத்துச் சுதந்திரம் பறிக்கப்பட்டதாக முறையிட்டார். ஐயமற நிறுவப்பட்ட கொடுமையை மறுப்பது வரலாற்று ஆய்வு ஆகாது, பலியானவர்களையே பொய்யர்களாக்கும் முயற்சி அது என்று கூறி, 2003இல் நீதிமன்றம் அந்த முறையீட்டை ஏற்க மறுத்தது.

இரண்டாவது வழக்குதான் உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை தருவது. மூலூஸ் நகருக்கு அருகே ஒரு பேரங்காடியில், 2009, 2010ஆம் ஆண்டுகளில், இஸ்ரேலியப் பொருள்களை வாங்காதீர்கள் என்று சிலர் துண்டறிக்கை கொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் அவர்களை விடுவித்தும், பாகுபாட்டைத் தூண்டினார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டித்தது. அவர்கள் யூதர்களை இழித்துப் பேசவில்லை, வன்முறையில் இறங்கவில்லை, எதையும் சேதப்படுத்தவில்லை என்பவற்றைக் கணக்கில் கொண்ட ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம், பொதுநலன் சார்ந்த அரசியல் பேச்சைக் கட்டுப்படுத்த அரசுக்கு மிகக் குறைந்த இடமே உண்டு என்று கூறி, 2020 ஜூனில் அத்தண்டனை கருத்துரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது. இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்; ஆனால் இந்த நீதி கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின என்பது எனக்கு வேதனை தருகிறது, ஏனெனில் அத்தனை காலம் அலையத் துணியாதவர்கள் முன்கூட்டியே வாய்மூடி விடுவார்கள்.

அமெரிக்காவில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. யூத வெறுப்புக்குப் பன்னாட்டு அளவில் 2016இல் ஏற்கப்பட்ட வரையறையின் எடுத்துக்காட்டுகளில் பல இஸ்ரேலைப் பற்றியவை. பல்கலைக்கழகங்கள் மீதான புகார்களில் கல்வித்துறை அவ்வரையறையைக் கருத வேண்டும் என்ற மசோதாவைப் பிரதிநிதிகள் அவை 2024 மே மாதம் நிறைவேற்றியது. அந்த வரையறையின் மூல வரைவை எழுதியவர்களில் முதன்மையான கென்னத் ஸ்டெர்ன், யூத வெறுப்பை ஆராய்ந்து வருபவர். தகவல் திரட்டுவதற்கென எழுதியதை மாணவர்களின் பேச்சை அளக்கப் பயன்படுத்தக் கூடாது என்று 2017இலேயே நாடாளுமன்றக் குழு முன் எச்சரித்தார்.