மஞ்சள் தொட்ட பக்கங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பினாங்கில், லிட்டில் இந்தியாவில், ஒரு பழைய கடைவீட்டின் அஞ்சடியில், அதாவது கடைவாசல் நடைபாதையில், மூன்று வாரமாக ஒரு பலகைத் தட்டி நிற்கிறது. நான் வைத்ததுதான். தட்டி முழுக்கத் தமிழ் நாளிதழ்ப் பக்கங்கள். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் குழைத்த மஞ்சள், இன்னொன்றில் சுண்ணாம்பு. போகிறவர் வருகிறவர் நின்று படிக்கலாம். படித்ததை நம்பினால் அதன்மேல் விரலால் மஞ்சள் வைக்கலாம். வேறொருவர் வைத்த மஞ்சளை ஏற்க முடியவில்லை என்றால், அதன்மேல் சுண்ணாம்பைத் தொட்டு வைக்கலாம். வீட்டில் ஆரத்தி கரைத்தவர்களுக்கு அடுத்து என்ன ஆகும் என்று தெரியும். மஞ்சள் சிவந்துவிடும்.

செய்தியை மக்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பதை ஓவியத்தில் எப்படிக் காட்டுவது? இரண்டு வருடம் இதோடு மல்லுக்கட்டினேன். பினாங்கில் பிறந்த ஓவியக் கலைஞர் வோங் ஹோய் சியோங் 2002, 2003 வாக்கில் ஒரு பொய் ஆவணப்படம் செய்தார். ஆஸ்திரியாவை மலேசியா காலனியாக ஆண்டது என்று, உண்மையான தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தோற்றத்திலேயே காட்டினார். பெரிய வேலை அது. ஆனால் கலைக்கூடத்துக்குள் பார்ப்பவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். நான் தெருவில் வைக்கிறேன். பத்திரிகை முகத்தோடு ஒரு பொய்யை ஒட்டினால், யாராவது அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். மாலைக்குள் அது தூரத்துக் கிள்ளான் நகரம் வரை போய்விடும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எனக்குத் துணை நின்றவர் வேறொருவர். அவரும் பினாங்கில் பிறந்தவர்தான், ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம். 1941இல் பிறந்து 2016இல் மறைந்தார். போரும் பஞ்சமும் நாளிதழ்ப் படங்களாக வந்தபோது, பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகாமல் அந்தப் படங்களையே எடுத்துத் தன் ஓவியத்துக்குள் வைத்தார். அச்சில் வந்ததை நிறுத்தி மறுபடி பார்க்க வைப்பதும் ஓவியரின் வேலைதான் என்று அவரிடம்தான் கற்றேன்.

சரி, தட்டிக்கு வருகிறேன். முதல் வாரமே நான் எதிர்பார்க்காதது நடந்தது. முதல் பக்கத்தில், அமைச்சர் படத்துக்குக் கீழே இரண்டு மூன்று மஞ்சள் பொட்டுகள், அதிலும் பாதி சிவப்பு. தங்கம் விலையிலும் நாலு நம்பர் லாட்டரி முடிவிலும் நிறைய மஞ்சள். ஆனால் எழுத்தே மறையும் அளவுக்கு மஞ்சள் ஏறியிருந்தது மரண அறிவித்தல் பக்கத்தில். கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி எல்லாவற்றிலும். பூ வாங்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டியிடம் ஏன் என்று கேட்டேன். “சாவுல போயி யாரும்மா பொய் சொல்லுவா? பேரு போட்டிருக்கு, புள்ளைங்க பேரு போட்டிருக்கு, வீட்டு அட்ரஸ் போட்டிருக்கு” என்றார்.

அந்த அட்ரஸ் என்ற சொல்லை நான் விடவே இல்லை. எங்கள் அப்பா செபராங் பிறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். பேப்பர் ஒருநாள் தாமதமாகத்தான் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, வரும். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். “அது அப்படி இல்லையே” என்று யாராவது குறுக்கே பேசினால், படித்தவர் அந்த வரியைத் திரும்பப் படித்தாக வேண்டும். படித்தவர் மறுநாளும் அதே லயத்தில்தான் இருப்பார், அவருக்கும் ஒரு அட்ரஸ் உண்டு.

இரண்டாவது வாரம் கைப்பேசியில் வரும் செய்திகளையும் அச்சடித்து, அதே எழுத்து அளவில் ஒட்டினேன். வெறுமனே ஒட்டியதை யாரும் தொடவில்லை. அதே வாசகத்துக்கு மேல் “பெரியம்மா அனுப்பியது” என்று ஒரு வரி சேர்த்ததும் மஞ்சள் விழ ஆரம்பித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எழுதியவர் யார் என்று பெரியம்மாவுக்கே தெரியாது. ஆனால் பெரியம்மாவின் நல்ல பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டு போகிறது.

பத்திரிகைகளுக்கு நம் நாட்டில் இருந்த நெருக்கடியையும் சொல்ல வேண்டும். 1987இல் அரசாங்கம் பலரைக் கைது செய்த லாலாங் நடவடிக்கையின்போது மூன்று நாளிதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது. வருடாவருடம் உரிமத்தைப் புதுப்பிக்கும் முறை 2012இல்தான் நீக்கப்பட்டது. அப்படிப்பட்ட காலத்தில் வாசித்துப் பழகியவர்கள், எழுதாமல் விட்டதையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். தட்டிக்கு முன்னால் நின்ற பெரியவர்கள் பலர் சுண்ணாம்புக் கிண்ணத்தைத்தான் முதலில் எடுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாத்தா இறந்தபோது ஒரு நாளிதழ் கருமக்கிரியைத் தேதியைத் தவறாகப் போட்டுவிட்டது. தைப்பிங்கிலிருந்து வந்த உறவினர்கள் ஒருநாள் முன்னதாகவே வந்து, பூட்டிய வாசலில் நின்றார்கள். அம்மா அழுதார். மறுநாள் அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வந்தது. பேப்பர் ஏஜென்ட் நேரில் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் அந்தப் பேப்பர்தான். அம்மா அந்தத் திருத்தத்தை வெட்டி வைத்திருந்தார். மூன்றாவது வாரம் அதையும் தட்டியில் ஒட்டினேன்.

அதற்கு அருகில், 1924இல் தொடங்கி 2019 ஜனவரியில் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பக்கம் ஒன்றும் இருக்கிறது. பழைய பேப்பர் வாங்கும் பேப்பர் லாமா லாரிக்குப் போகவிருந்த கட்டிலிருந்து எடுத்தது. அதன்முன் நின்ற ஒருவர் மஞ்சளும் வைக்கவில்லை, சுண்ணாம்பும் வைக்கவில்லை. விளம்பரம் வரை முழுப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போனார்.

காலை வெயில் அஞ்சடிக்குள் சாய்ந்து விழும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, நாளாக நாளாக வெளுத்துக்கொண்டே வருகிறது. பேப்பரோ வெயில் பட்டால் மஞ்சளாகும் சாதி. இப்போது சில பக்கங்களில் எது விரல் வைத்த இடம், எது வெறும் தாள் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் தினமும் காலையில் புதிதாக மஞ்சள் குழைத்து, அன்றைய பேப்பரை மேலே ஒட்டிவிட்டுத்தான் கடை திறக்கும் அண்ணனிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறேன். இன்னும் ஒரு வாரம் தட்டி அங்கேயே இருக்கும். அந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

நன்றி, வணக்கம்.